ஒயரைப் பிடுங்கினவன்

இந்த ஏப்பத்துக்கு மன்னிச்சுக்கங்க சார். காதுகுத்து வீட்டு ரசம். சாப்பிட்டேன்னுகூடச் சொல்ல முடியாது, பாதி இலையில எந்திரிச்சு வந்துட்டேன். ரசத்துல ஒரு குத்தமும் இல்ல. அதை ஊத்துன பய போட்டிருந்த பனியனைப் பாத்துக்கிட்டே குடிச்சேன் பாருங்க, அதுதான் எதுக்களிச்சுக்கிட்டு வருது. நீங்க மதுரை வரைக்குமா? நான் செக்கானூரணியில இறங்கிருவேன். அது வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, குமட்டுச்சுன்னா நான் சொல்றேன்.

மஞ்சளும் கறுப்புமா பட்டை போட்ட பனியன் சார். நெஞ்சுல ஒரு வேங்கை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். அந்த வாயில சாம்பாரு. ஒருத்தன் அதையே தூக்கி மூஞ்சி வேர்வையைத் தொடைச்சுப்புட்டு, அதே கையால எனக்கு அப்பளம் வைக்கிறான். பந்தியில ஓடுன அம்புட்டுப் பயலும் அதைத்தான் மாட்டியிருந்தான். சமையல் கான்ட்ராக்டர் எங்கிட்டோ மூட்டையா கெடந்ததை அள்ளிட்டு வந்து ஆளுக்கொண்ணு குடுத்துட்டானாம். ரசம் ஊத்துனவன் அடுத்த இலைக்குத் திரும்புறான், முதுகுல பேரு போட்டிருக்கு. வீரணன்னு. எனக்குத் தொண்டைக்குள்ள இறங்குமா, சொல்லுங்க.

அந்தப் பேருக்குச் சொந்தக்காரன்தான் விசேஷ வீட்டுக்காரன். அவன் மகளுக்குத்தான் காதுகுத்து. அவன் பேரை முதுகுல போட்டுக்கிட்டு ஒருத்தன் ரசவாளியோட அலையுறான், இவன் பந்தி விசாரிக்கிற சாக்குல வந்து, ஏய் வீரணா அந்தக் கடைசி இலைக்கு ரசம் கேக்குது பாருன்னு அவனையே ஏவிக் கேலி பேசுறான். சுத்தி நின்னவய்ங்க எல்லாம் சிரிக்கிறாய்ங்க. ரோசம் உள்ளவன் பண்ற காரியமா சார் இது? அந்தப் பனியனைக் கேலரியில பாத்துட்டு சனம் எந்திரிச்சு நின்னு கத்துன காலம் ஒண்ணு உண்டு. கத்த வச்சவன் நானு.

உங்களுக்கு என்னை அடையாளம் தெரியல, அப்படித்தானே. பரவாயில்ல, என் மூஞ்சியை வச்சு யாருக்கும் தெரியாது. கொஞ்சம் காதைக் குடுங்க. அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே, இதோ, ஆடுகளம் அதிர... பாத்தீங்களா, அங்க கண்டக்டரு திரும்பிப் பாக்குறாப்ல. அவருக்குத் தெரிஞ்சிருச்சு. இடிமுழக்கம் தவசின்னா உசிலம்பட்டியில இருந்து மேலூரு வரைக்கும் கபடி மேட்சு நோட்டீசுல தலைவர்கள் பேருக்கு மேல என் பேரு இருக்கும். இப்ப இந்தக் குரலை வச்சு நான் என்ன பண்றேன் தெரியுமா? கோலமாவு விக்கிறேன். விக்கிறதுகூட நான் இல்ல. ஆட்டோக்காரன் ஒருத்தன் என் குரலைப் பதிஞ்சு வச்சுக்கிட்டு தெருத்தெருவா ஓட விடுறான். வெள்ளைக் கோலமாவு, கலர்க் கோலமாவு, பக்கெட்டு பக்கெட்டான கோலமாவுன்னு. எங்க தெருவுக்கே வருது அந்த ஆட்டோ. நான் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துக்குவேன்.

காரணம் யாருன்னு கேளுங்க. இந்த வீரணன். எந்த ஊரு கமிட்டி வந்து கேட்டாலும் தவசிக்கு மைக் குடுக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கான். ஒரு வருசம் ரெண்டு வருசமா இல்ல சார், அந்தக் கபடி லீக்கு செத்ததுல இருந்து. ஏன்டா அப்படிச் சொன்னன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கத்தான் இன்னைக்குப் போனேன். அவன் வாயால எனக்கு ஒரு பதிலு வேணும். அதோட, நாலு ஊரு கமிட்டிக்காரனும் அங்க வந்திருப்பான், எல்லாருக்கும் முன்னால அவனே என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில குடுத்துட்டான்னா என் பொழப்பு திரும்பிரும்னு ஒரு நெனப்பு. அழைப்பெல்லாம் இல்ல. அவன் எனக்கு அழைப்பு வச்சாத்தான் நான் போகணுமா? அவனை ஆளாக்குனவனே நானு.

எங்க பக்கம் கபடி மேட்சுன்னா உசுரே மைக்குதான் சார். ஆட்டம் பாக்க வர்ற கூட்டத்துல பாதிப் பேருக்குக் களமே தெரியாது, முன்னால நிக்கிறவன் முதுகுதான் தெரியும். நான் சொல்றதுதான் அவய்ங்களுக்கு ஆட்டம். பாடிப் போறவன் யாரு, அவன் அப்பன் யாரு, தாய்மாமன் எந்த ஊரு, அம்புட்டையும் சொல்லணும். முக்கியமா, அவன் உடம்புல எங்க காயம், அந்தக் காயத்தோட எப்படி வந்து நிக்கிறான்னு சொல்லணும். அப்பத்தான் கூட்டம் எந்திரிக்கும். விரல் ஒடிந்தும் வீறு குறையாமல் வந்திருக்கும் சிங்கம்னு சொன்னேன்னு வைங்க, பொம்பளையாளுக குலவை போட்டுரும். எதுத்து ஆடுறவன் யாரு? அதே ஊருல பொண்ணு எடுத்தவனா இருப்பான். அந்த விரலைத் தொடாம இடுப்பைப் பிடிப்பான். பிடிச்சுட்டு, வலிக்குதா மாப்ளன்னு கேப்பான். அது எங்க பக்கத்து மரியாதை. காயத்தை மைக்ல சொல்றது ஒரு மாலை போடுற மாதிரி சார்.

வீரணன் வயல்ல களையெடுத்துட்டு அப்படியே வந்து ஆடுற பயலா இருந்தப்பவே அவனுக்கு மாலை போட்டவன் நான். எட்டடி தூரத்துல நின்னு கால் பெருவிரலால தொட்டுட்டுத் திரும்பிருவான். அவன் கோட்டைத் தாண்டுனாலே எனக்கு நாக்கு ஊறும். அவனுக்கும் அது தெரியும். பாடிப் போறதுக்கு முன்னால மைக் மேடையைப் பாத்து ஒரு தடவை தலையை ஆட்டிட்டுத்தான் போவான். அண்ணே ஆரம்பிங்கன்னு அர்த்தம். அப்படி ஒரு ஒட்டு எங்களுக்குள்ள.

அப்பத்தான் இந்த லீக்கு வந்துச்சு. தமிழ் மண் கபடி லீக்கு. பேருதான் மண்ணு, ஆடுனது மேட்டுன்னு விரிச்ச ரப்பர் பாயில. செருப்புப் போடாம மண்ணுல ஆடுன பயலுக காலுல பூட்ஸை மாட்டி விட்டாய்ங்க. ஒவ்வொரு டீமையும் ஒரு முதலாளி வாங்குனான். எங்க நாகமலை வேங்கைகளை வாங்குனது பிளாட்டு போட்டு விக்கிற ஒரு சேர்மன். அந்த ஆளு முதல் நாள் பயிற்சி பாக்க வந்துட்டு, இவனுக ஏன் முனகிக்கிட்டே ஓடுறானுகன்னு கேட்டாரு. கபடி கபடின்னு மூச்சு விடாம பாடணும்யா, அதுதான்யா ஆட்டமேன்னு சொன்னா, சத்தமில்லாம செய்யச் சொல்லுங்க டிவிக்கு நல்லா இருக்கும்கிறாரு. அந்த எடத்துலயே நான் துப்பியிருக்கணும். வெளியில ஷாமியானாவுக்குப் பின்னால போய்த்தான் துப்புனேன்.

அந்த அசிங்கத்தையெல்லாம் சொல்லி முடியாது சார். பயலுக களத்துக்குள்ள வரும்போது ஒரு மெஷின் புகையைக் கக்கும். அந்தப் புகையில இருமிக்கிட்டு மூச்சுப் பிடிச்சுப் பாடணும். ஒரு ஆளுக்கு வேங்கைத் தோலு மாதிரி உடுப்பு மாட்டி விட்டு ஆடச் சொல்லுவாய்ங்க, சித்திரை வெயில்ல அந்தாளு மயங்கி விழுந்தாரு, தூக்கிட்டுப் போனவய்ங்க தலையைக் கழட்டத் தெரியாம அப்படியே ஆம்புலன்சுல ஏத்துனாய்ங்க. ஒவ்வொரு பாயின்டுக்கும் பாட்டு. டமுக்கு டமுக்குன்னு. பாடிப் போறவன் மூச்சு விட்டானா விடலையான்னு நடுவருக்கே கேக்காது. கூட்டம் என்னமோ பொருட்காட்சிக்கு வந்த மாதிரி பாப்கார்ன் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கும். மெட்ராஸ்ல இருந்து ஒரு பையனையும் பொண்ணையும் கூட்டியாந்து மைக் குடுத்தாய்ங்க, ரெண்டும் இங்கிலீஷ்ல சிரிக்குதுக. கேலரியில ஒரு ஈ எந்திரிக்கல.

சொல்லணும்ல, உள்ளதைச் சொல்லணும். என்னை அங்க கொண்டுபோய் விட்டது வீரணன்தான். அவன்தான் கேப்டன். எங்க தவசியண்ணன் வாயைத் தொறந்தா இந்தக் கேலரி தன்னால எந்திரிக்கும், அவரைக் கூப்பிடுங்கன்னு சேர்மன்கிட்ட அடம் பிடிச்சிருக்கான். நம்ம ஊருல நடக்குற மேட்சுக்கெல்லாம் நான்தான் மைக்குன்னு ஆச்சு. வந்தேன், பேசுனேன், எந்திரிச்சுது. சேர்மனே வந்து கையைக் குலுக்குனாரு. அந்தக் கையில வாசனைத் தண்ணி நாத்தம், சோறு திங்கும்போதுகூடப் போகல.

அரையிறுதி நம்ம ஊருல. எதுத்து பாலாறு பருந்துகள். அன்னைக்குச் சாயங்காலம் வீரணனுக்குத் துன்னூறு பூசிவிடலாம்னு பயலுக உடுப்பு மாத்துற ரூமுக்குப் போனேன். இவன் பெஞ்சுல காலை நீட்டி உக்காந்திருக்கான். பிசியோன்னு ஒரு பய, டீமுக்கு வைத்தியம் பாக்குறவன், இடது முட்டியில பட்டை பட்டையா டேப்பைச் சுத்துறான். முட்டி பன்னு மாதிரி உப்பியிருக்கு. பயிற்சியில சவ்வு கிழிஞ்சிருச்சாம். டேப்பைச் சுத்தி முடிச்சதும் அதுக்கு மேல முட்டி உறையை மாட்டுனான். அப்புறம் நல்லா இருக்கிற வலது காலுக்கும் ஒரு உறையை எடுத்து மாட்டுனான். நல்ல காலுக்கு எதுக்குடா உறைன்னு கேட்டேன். எந்தக் காலுன்னு அவய்ங்களுக்குத் தெரியக் கூடாதுல்லண்ணேன்னான் வீரணன்.

அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, மைக்ல இதைப் பேசிறாதீங்க. அடுத்த மாசம் போலீஸ்ல விளையாட்டுக் கோட்டாவுக்கு ஆள் எடுக்குறாங்க. இந்த ஒரு மேட்சைக் காலு தாங்கிருச்சுன்னா எனக்குப் போதும்."

நான் சிரிச்சுக்கிட்டேன். அவன் குணமே அதுதான். தன்னைப் பத்தி யாரும் பெருமையாப் பேசிறக் கூடாது. ஊரு மேட்சுலயும் இப்படித்தான், ரொம்பப் புகழாதீங்கண்ணே கூச்சமா இருக்கும்பான். பேசாதீங்கன்னு சொல்றவனைத்தான் சார் பேசணும். பேசுங்க பேசுங்கன்னு சொல்றவனுக்குப் பேசுனா அது கூலிப் பேச்சு. துன்னூறைப் பூசிவிட்டுட்டு, நீ களத்தைப் பாத்துக்க, மைக்கை நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஆட்டம் ஆரம்பிச்சா, கண்ணு கொண்டு பாக்க முடியல. வீரணன் உள்ள போறான், கோட்டோரமாவே நடந்துட்டுத் திரும்பி வந்துர்றான். நம்ம பயலுக ஒவ்வொருத்தனா வெளிய உக்காந்துட்டாய்ங்க. பாலாறுக்காரய்ங்க ஏறிக்கிட்டே போறாய்ங்க. நம்ம சனமே வாயை மூடிருச்சு. எனக்குப் பின்னால ரெண்டு பேரு, கேப்டன் பய காசு வாங்கிட்டான்போலன்னு பேசுறாய்ங்க. வீரணனை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உண்மை தெரியாம ஒரு வீரனைத் தப்பாப் பேசுறாய்ங்களேன்னு எனக்குத் தாங்கல சார். பாட்டுப் போடுற பயகிட்ட, நிறுத்துடா அந்தக் கருமத்தைன்னு சைகை காட்டுனேன். நிறுத்திட்டான். ஸ்டேடியம் அப்படியே கம்முனு ஆச்சு. வீரணன் பாடிப் போக நடுக்கோட்டுக்கு வந்தான். மைக் மேடையைப் பாத்தான், தலையை ஆட்டுனான். இப்பிடி, ரெண்டு பக்கமும் ஆட்டுனான். எப்பவும் மேலயும் கீழயும்தான் ஆட்டுவான். அன்னைக்கு என்னமோ அப்படி ஆட்டுனான், வலியில இருப்பான்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஆரம்பிச்சேன் பாருங்க. "ரசிகப் பெருமக்களே! இதோ பாடி வருகிறான் நாகமலையின் தலைமகன். இடது முழங்காலில் சவ்வு கிழிந்து, சதை வீங்கி, கட்டுக்கு மேல் கட்டுப் போட்டு, வலியை விழுங்கிக்கொண்டு வருகிறான் எங்கள் வீரணன்!"

கேலரி எந்திரிச்சிருச்சு சார். எனக்கு இப்பச் சொல்லும்போதும் ரோமம் நிக்குது, இங்க பாருங்க. மேல் வரிசையில இருந்து குலவை. ரப்பர் மேட்டுல ஆடுன லீக்குல முதல் தடவையா குலவைச் சத்தம். காசு வாங்கிட்டான்னு சொன்ன அந்த ரெண்டு பயலும் அழுதுக்கிட்டே கை தட்டுறாய்ங்க. பாலாறு டீமோட கோச்சு, வெள்ளைச் சட்டைக்காரரு, குனிஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தவரு தலையைத் தூக்கி நேரா என்னைப் பாத்தாரு. எதிராளியே மலைச்சுப் போயிட்டாரு. உடனே டைம் அவுட் கேட்டுத் தன் பயலுகளைக் கூட்டி வச்சுக் காதுல என்னமோ சொன்னாரு. பருந்துகள் நடுங்குகின்றன பாரீர்னு அதையும் மைக்ல சொன்னேன்.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். வீரணன் உள்ள போறான். மூலையில ஒரு தடியன். அவனுக்குப் பக்கத்துல இருந்தது வீரணனோட வலது காலு. கைக்கு எட்டுற தூரம். அதைத் தொடல சார். அதைத் தாண்டிப் பாஞ்சு, இடது முட்டியைக் கட்டிப் பிடிச்சு, தோளால முட்டுனான். மேல இன்னும் ரெண்டு பேரு விழுந்தாய்ங்க. முட்டி பெரண்ட சத்தம் மைக் மேடை வரைக்கும் கேட்டுச்சு. மனுசப் பயலுகளா அவய்ங்க? அடிபட்ட காலுன்னு தெரிஞ்சும் அதையே போய்ப் பிடிக்கிறவன் என்ன வளர்ப்பு? எங்க பக்கம் ஒருத்தன் அப்படிப் பண்ணியிருந்தா அவன் பொண்டாட்டியே அவனுக்குச் சோறு போட மாட்டா.

என்ன கேக்குறீங்க? அவய்ங்களுக்கு எந்தக் காலுன்னு எப்படித் தெரிஞ்சதுன்னா? அதைத்தான் சார் நானும் இம்புட்டு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். உள்ளுக்குள்ள இருந்தவன் எவனோ காட்டிக் குடுத்திருக்கான். அந்தப் பிசியோ மேலதான் எனக்குச் சந்தேகம், மூஞ்சியே சரியில்ல. நான் மைக்ல சொன்னேனா? சார், அது சனத்துக்குச் சொன்னது. சனத்துக்குச் சொல்றது வேற, எதிராளிக்குச் சொல்றது வேற. இந்த வித்தியாசம் தெரியாதவனா நானு? இத்தனை வருசம் எத்தனை பேரு காயத்தை நான் சொல்லியிருக்கேன், ஒருத்தனுக்கு ஒரு கீறல் பட்டதில்ல. அந்தப் பேச்சை விடுங்க.

அவனைத் தூக்கிட்டுப் போனப்பவும் நான் மைக்கை விடல. விழுந்தாலும் வேங்கை வேங்கையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கைதட்டு அடங்கவே இல்ல. தோத்தோம். மறுநாள் காலையில சேர்மன் டீமை இழுத்து மூடிட்டாரு. கேப்டன் ஆஸ்பத்திரியில கெடக்கான், ஒரு ஆரஞ்சுப் பழத்தோட போய்ப் பாக்க வேணாமா? ஒரு ஆளை அனுப்பி டீமு உடுப்பை மட்டும் திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னாராம். பயலுக தங்கியிருந்த லாட்ஜுல பெட்டி படுக்கையைத் தூக்கி வாசல்ல வச்சுட்டாய்ங்க. அடுத்த வருசம் லீக்கே இல்ல. இப்பப் போய்ப் பாருங்க, டீமு ஆபீசு இருந்த எடத்துல பேன்சி ஸ்டோரு. அந்த ரப்பர் மேட்டை எல்கேஜி பள்ளிக்கூடத்துக்காரன் வாங்கிட்டான், மத்தியானம் பிள்ளைக அதுல படுத்துத் தூங்கி ஒண்ணுக்கு இருக்குதுக. வேங்கை பனியன் ரச வாளிக்கு வந்து சேந்துருச்சு. தூ.

வீரணனுக்கு ரெண்டு ஆபரேசன். போலீஸ் ஆளெடுப்புக்குப் போனான், ஓட முடியல, முதல் சுத்துலயே உக்காந்துட்டான். போனாப் போகுது விடுங்க, காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு வெயில்ல நிக்கிறது ஒரு பொழப்பா. இப்ப ஊருல மாட்டுத் தீவனக் கடை வச்சிருக்கான். இடது காலை மடக்க வராது, குச்சி மாதிரி வீசி வீசித்தான் நடப்பான். சாயங்காலம் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்கான், மாநில அளவுல ஜெயிச்சிருக்குதுக. அதனால எந்தக் கமிட்டிக்காரனா இருந்தாலும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் மேட்சு வைக்கிறான். ஆஸ்பத்திரிக்கு நான் போனேன் சார். அவன் பொண்டாட்டி நாகஜோதி வாசல்லயே நின்னுக்கிட்டு, தூங்குறாருன்னு சொல்லி அனுப்பிட்டா. அடுத்த தடவை போனேன், அப்பவும் தூங்குறான். என்னத்துக்கு அம்புட்டுத் தூக்கம்?

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எனக்கு மைக் நின்னு போச்சு. நோட்டீசுல என் பேரு இல்ல. ஏன்யான்னு போய்க் கேட்டா ஆளாளுக்கு ஒரு சாக்கு. கடைசியில விக்கிரமங்கலம் கமிட்டிச் செயலாளருதான் உடைச்சாப்ல. வீரணன் வேணாம்னு சொல்லிருக்காப்லண்ணே, நீங்க மைக்ல இருந்தா பிள்ளைகளைக் களத்துல இறக்க மாட்டேங்கிறாப்லன்னாரு. எனக்கு நாக்குல கசப்பு ஏறுச்சு. நான் மைக் பிடிச்சதால பேரு வாங்குனவன், என் வாயைக் கட்டுறான். இதை விட ஒரு ஈனத்தனம் உண்டா?

அதான் இன்னைக்குப் போனேன். நாகஜோதி பாத்தா. வாங்கன்னு சொன்னா, சிரிக்கல. சாப்பிடுங்கன்னு பந்தியைக் காட்டுனா. பிள்ளை தாய்மாமன் மடியில உக்காந்து காதைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்துச்சு. வீரணன் என்னைப் பாத்தான், தலையை மேலயும் ஆட்டல, பக்கத்துலயும் ஆட்டல, அங்கிட்டுத் திரும்பிக்கிட்டான். சரி, சாப்பிட்டுப் பேசிக்கலாம்னு உக்காந்தேன். அப்பத்தான் அந்த ரசமும் அந்தப் பனியனும். இதுக்கு மேல இந்த இலையில உக்காந்திருந்தா நான் மனுசன் இல்லன்னு எந்திரிச்சேன். பந்தல் மூலையில ரேடியோ செட்டு. மைக்ல ஒரு பய, அடுத்த பந்திக்கு ரெடியாகுங்கன்னு மூக்கால பேசிக்கிட்டு இருந்தான். குடுடான்னு வாங்கிட்டேன்.

திட்டலாம்னுதான் சார் வாங்குனேன். கையில மைக் வந்ததும் என்னால திட்ட முடியல. எம்புட்டு நாள் கழிச்சு. அந்தக் கனம். வாய் தன்னால ஆரம்பிச்சிருச்சு. அன்பார்ந்த உறவினப் பெருமக்களே, இன்று காது குத்திக்கொள்ளும் இந்தச் செல்வத்தின் தந்தை யார் தெரியுமா, நாகமலையின் தலைமகன்னு எடுத்தேன். பந்தியில கையைக் கட்டி உக்காந்திருந்தவன் எல்லாம் நிமிந்துட்டான். கமிட்டிக்காரன் நாலு பேரு என்னையே பாக்குறாய்ங்க. பரிமாறுறவய்ங்க வாளியோட அப்படியே நிக்கிறாய்ங்க, அம்புட்டு வேங்கையும் நிக்குது. எனக்கு வேகம் ஏறிருச்சு. இடது முழங்காலில் சவ்வு கிழிந்து, சதை வீங்கி, கட்டுக்கு மேல் கட்டுப் போட்டுன்னு அந்தப் பழைய வாசகத்தையே எடுத்தேன். அதை விட நல்லதா இந்த உலகத்துல எவன் பேசியிருக்கான்?

வீரணன் பந்தியில இருந்து என்னை நோக்கி வர்றான். காலை வீசி வீசி வர்றான். கூட்டம் விலகி வழி விடுது. கட்டிப் பிடிக்கத்தான் வர்றான்னு நெனைச்சு நான் ஒரு கையை விரிச்சுட்டேன். அவன் என்னைத் தாண்டிப் போயிட்டான். ரேடியோ செட்டுப் பக்கத்துல நின்னு, குனிய முடியாம, ஒரு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் காலைப் பின்னால நீட்டி, ஒரு பக்கமா சரிஞ்சு கையை விட்டு ஒயரைப் புடுங்குனான். அவன் நெத்தியில வேர்வை. செட்டுக்காரப் பயகிட்டச் சொல்லியிருந்தா அவன் புடுங்கியிருப்பான். இவன் சொல்லல. தானே குனிஞ்சு புடுங்குனான். மைக்குச் செத்துப் போச்சுன்னுகூடத் தெரியாம நான் இன்னும் ரெண்டு வார்த்தை பேசிருக்கேன்.

ஒயரைக் கையில சுருட்டிக்கிட்டே பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னான். "அண்ணே, இதை அன்னைக்கே யாராவது செஞ்சிருக்கணும்ண்ணே." கோவமா இல்ல. சாப்பிட்டீங்களான்னு கேக்குற மாதிரிச் சொன்னான். சொல்லிட்டுப் பந்தி விசாரிக்கப் போயிட்டான்.

பதில் வேணும்னு போனேன்ல, இதுதான் பதிலாம். இது ஒரு பதிலா சார்? ஆண்டிபட்டியில ஏறுனதுல இருந்து யோசிச்சுக்கிட்டு வர்றேன், ஒரு எழவும் வெளங்கல. அன்னைக்கு எதுக்கு ஒயரைப் புடுங்கணும்? நான் என் வாழ்நாள்ல பேசுனதுலயே பெரிய பேச்சு அது. நன்றி இல்லாதவன் வாயில என்ன வேணும்னாலும் வரும்.

என்ன சார், மூஞ்சியை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டீங்க? உங்களுக்கும் கொமட்டுதா? அதுதான் சொன்னேன், அந்தப் பனியன் அப்படி. செக்கானூரணி வந்துருச்சு, நான் எந்திரிக்கிறேன். நீங்களே ஒரு நிமிசம் நெனைச்சுப் பாருங்க. அன்னைக்கு மைக்ல ஒரு கரகரப்பு இல்ல, ஒரு கூவல் இல்ல. பாட்டையும் நிறுத்தியாச்சு. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு கடைசி வரிசை வரைக்கும் போச்சு. எதுத்த டீமு கோச்சே தண்ணி குடிக்கிறதை விட்டுட்டு நிமிந்து பாத்தாருன்னா பாத்துக்கங்க.